டர்பனில் எரிவாயு வேலைக்குப் புதிதாகப் பயிற்சி எடுப்பது பயன் தருமா?

மெரிபேங்க்_தெற்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 42 வயது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மெரிபேங்க்கில் குடியிருக்கிறேன். வீடுகளுக்கு இன்வர்ட்டரும் பேட்டரியும் பொருத்தும் ஒரு சிறிய ஒப்பந்ததாரரிடம் சில ஆண்டுகளாக உதவியாளனாக வேலை பார்க்கிறேன். 2023ஆம் ஆண்டில் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சனி, ஞாயிறு என்று பாராமல் வேலை இருந்தது. 2024 மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நின்று, அதன் பிறகு பத்து மாதங்கள் விளக்கு அணையாமல் எரிந்ததில் நாடே மகிழ்ந்தது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் மட்டும் குறைந்துகொண்டே போயின. இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. முதலாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடமே வேலை இல்லாதபோது எனக்கு எங்கிருந்து கொடுப்பார்?

என்னிடம் தொழிற்சான்றிதழ் எதுவும் கிடையாது. கம்பி இழுப்பேன், குழாய் வளைப்பேன், கூரை ஏறுவேன், வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவேன். ஆனால் வேலை முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எப்போதும் வேறொருவர்தான். இந்த நிலையில், இரண்டு வாரங்களில் எரிவாயுப் பொறியாளர் ஆகலாம் என்ற விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. கட்டணம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்வதால் சில மாதங்கள் சமாளிக்கலாம்; ஒரு முழு ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்க முடியாது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மைத்துனர், அங்கே வந்து இதே வேலையைக் கற்றுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் கவலையில்லை என்கிறார். ஆனால் குளிர் என்றால் ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துபோகிற டர்பனில் எரிவாயு வேலைக்கு என்ன தேவை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இதுவும் லோட்ஷெடிங்கோடு வந்து லோட்ஷெடிங்கோடு போகிற வேலைதானா? இத்துறையில் இருப்பவர்களும், இத்துறையினரை வேலைக்கு அழைப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.


செப்புக்குழாய் எழுதியது:

தம்பி, நான் ஃபீனிக்ஸ்காரன். பிளம்பராகத் தொழில் தொடங்கி, பின்னர் எரிவாயு அட்டையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துச் செய்துவருகிறேன். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் பாதியைத்தான் சொல்கின்றன.

பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு ஒரு பாய்லர், அறைக்கு ஒரு ரேடியேட்டர் என்று இருக்கும். அவற்றைப் பொருத்திப் பராமரிப்பதே ஒரு முழுநேரத் தொழில். டர்பனில் அந்த வேலை கிடையாது. இங்கே எங்களுக்கு வரும் வேலை நான்கு வகை: வீட்டுச் சமையலறையில் அடுப்பு பொருத்துவது, கேஸ் கீசர் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும், உணவகம், பேக்கரி, டேக்அவே, கோயில் ஆகியவற்றின் சமையலறை வேலை, வீடு கைமாறும்போது செய்யும் சோதனை. லோட்ஷெடிங் காலத்தில் முதல் வகை வெள்ளம்போல் வந்தது உண்மை, இப்போது வடிந்துவிட்டதும் உண்மை. மற்ற மூன்றும் அப்படி வடியவில்லை.

வடியாததற்குக் காரணம் சட்டம். தொழில்சார் உடல்நலம், பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2009இல் வந்த அழுத்தக் கருவி விதிமுறைகளில் 17ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். எரிவாயு இணைப்பைப் புதிதாக அமைத்தாலோ, மாற்றினாலோ, உரிமையாளரோ பயன்படுத்துபவரோ மாறினாலோ, அங்கீகாரம் பெற்ற ஒருவர் இணக்கச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். நாம் சி.ஓ.சி. என்று சொல்கிறோமே, அதுதான். அந்த அங்கீகாரத்தைப் பதிவுசெய்யும் அமைப்பு எஸ்.ஏ.கியூ.சி.சி. கேஸ். பதிவுசெய்தவருக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். எந்தெந்த வகை வேலைக்கு அவர் தகுதியானவர் என்பது அந்த அட்டையிலேயே அச்சாகியிருக்கும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் இந்தச் சான்றிதழைக் கேட்பார். தீ விபத்துக்கு இழப்பீடு கோரினால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் இதைத்தான் கேட்கும். ஆகவே, நீங்கள் பணம் கட்டி வாங்கப்போவது குழாய் பொருத்தும் திறமையை மட்டுமல்ல. அது உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. கையெழுத்துப் போடும் உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். அந்த உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வரும்: நீங்கள் கையெழுத்திட்ட வீட்டில் ஏதாவது நடந்தால், உங்கள் பெயரைத்தான் தேடி வருவார்கள்.

இரண்டு வாரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்.ஏ.என்.எஸ். 10087-1 என்ற தரநிலையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும். சிலிண்டரைக் கதவு, ஜன்னல்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், கழிவுநீர்க் குழியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் 9 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் வகுப்பறையில் மனப்பாடம் செய்துவிடலாம். கழிவுநீர்க் குழியைப் பற்றி ஏன் அவ்வளவு கவலை என்பது வேலையில்தான் உறைக்கும். நம் சிலிண்டரில் இருக்கும் எல்.பி. வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது, தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். வீட்டுக்காரர் காட்டும் இடம் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில்தான் இருக்கும். ஏனென்றால் அங்கே சிலிண்டர் இருந்தால் வாசலிலிருந்து பார்க்கத் தெரியாது. அவரிடம் முடியாது என்று சொல்லி, அவர் கோபித்துக்கொள்ளாமல் வேறு இடத்தைக் காட்டவைப்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுக்கும் கேஸ் கீசரை மனைவி கடையில் பார்த்து ஆசைப்பட்டார் என்று ஒருவர் வாங்கி வந்துவிடுவார். அது முழு வேகத்தில் எரியும்போது சுமார் 40 கிலோவாட்; எரிவாயுக் கணக்கில் மணிக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை 48 கிலோ சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் அந்த வேகத்தில் நீண்ட நேரம் ஆவியாக முடியாது. சிலிண்டர் குளிர்ந்து, வெளிப்புறத்தில் வெண்பனி படியும், அழுத்தம் இறங்கும், இரண்டாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் ஆறிப்போகும். கீசர் பழுது என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைத்து இரண்டிலிருந்தும் வாயு எடுக்க வைத்தால் தீர்ந்தது. அழுத்தமானியைக் குழாயில் மாட்டி, கீசர் எரியும்போதும் 2.8 கிலோபாஸ்கல் அளவில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் உள்ளவர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பழக்கம் இல்லாதவர் கீசரைப் பிரித்துப் போட்டுவிட்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார்.

நம் ஊருக்கே உரிய வேலை ஒன்றும் உண்டு. உம்லாங்கா, புளஃப், அமன்சிம்டோட்டி என்று கடலோரத்தில் மாட்டிய கீசர்களின் உறையும், பர்னரும், ரெகுலேட்டரும் உப்புக்காற்றில் அரித்துப்போகும். உள்நாட்டில் பல ஆண்டுகள் தாங்கும் பொருள் இங்கே அவ்வளவு தாங்காது. பழுதுபார்க்கும் வேலை எங்களுக்குத் தொடர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: எரிவாயு வேலை பயனுள்ளதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்துவது டர்பனில் கடினம். கேஸ் கீசரில் ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர்ப் பக்கத்துக்குப் பிளம்பிங் தகுதியுள்ளவர் தேவை. அதற்குச் சான்றிதழ் தனி, பிளம்பர்களைப் பதிவுசெய்யும் பி.ஐ.ஆர்.பி. என்ற வாரியமும் தனி. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் வாடிக்கையாளர் ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்துக்கொள்வார். புதிய கட்டடங்களில் வெந்நீர்த் தேவையில் பாதியையாவது சாதாரண மின்கீசர் அல்லாத வேறு வழியில் கொடுக்க வேண்டும் என்று 2011 முதல் கட்டட விதி இருப்பதால், கேஸ், சூரியவெப்பம், காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மூன்றும் தெரிந்த பிளம்பருக்கு வேலை இருக்கிறது. எரிவாயு மட்டும் தெரிந்தவர், அந்தப் பிளம்பர் கூப்பிடும்போது போய்வருபவராகத்தான் இருப்பார்.


மூன்று_ஃபேஸ் எழுதியது:

செப்புக்குழாய் ஐயா சொன்ன தொழில்நுட்பச் செய்திகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, முடிவில்தான் உண்டு. நான் சாட்ஸ்வொர்த்தில் மின்பணி ஒப்பந்ததாரராக இருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் ஆண்டுக்கணக்காக மின்வேலையில் இருந்திருக்கிறார். அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒரு தொழிலில் முதல் படியிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? கையெழுத்து உரிமைதான் வேண்டுமென்றால் அது மின்துறையிலும் இருக்கிறது. ஏற்கெனவே பெற்ற பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வுக்கு அனுமதிக்கும் ஏ.ஆர்.பி.எல். என்ற வழி, அவரைப் போல ஆண்டுக்கணக்கில் வேலை செய்தும் காகிதம் இல்லாதவர்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. முதலாளியிடமிருந்து பணிச் சான்று வாங்கி, செய்த வேலைகளின் ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தால், எந்த இடத்தில் இடைவெளி இருக்கிறதோ அதற்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டுத் தேர்வுக்கு உட்காரலாம். அதன் பிறகு விதிமுறைகள் தேர்வை எழுதி, ஒற்றை ஃபேஸ் சோதனையாளராகவோ, அதற்கு மேலுள்ள நிலையிலோ தொழிலாளர் துறையில் பதிவுசெய்துகொள்ளலாம். வீடு விற்கும்போது எரிவாயுச் சான்றிதழ் எரிவாயு உள்ள வீட்டுக்கு மட்டும்தான் தேவை. மின்சான்றிதழ் எல்லா வீட்டுக்கும் தேவை. எண்ணிக்கையை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்வர்ட்டர் வேலை குறைந்ததைப் பார்த்து மின்துறையே படுத்துவிட்டது என்று அவர் நினைக்கிறாரோ என்று தோன்றுகிறது. 2025 ஏப்ரலில் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 12.7 விழுக்காடு ஏறியது. இருட்டுக்குப் பயந்து பேட்டரி வாங்கியவர்கள் போய், கட்டணத்துக்குப் பயந்து கூரையில் சூரியத் தகடு போடுபவர்கள் வருகிறார்கள். இவர்கள் மெதுவாக வருகிறார்கள், விலை கேட்டுக் கேட்டு வருகிறார்கள், ஆனால் வருகிறார்கள். எரிவாயு விலைக்கோ உள்நாட்டில் பிடிமானமே இல்லை. டர்பனில் இருந்த இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகளும் கேள்வி கேட்டவரின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகு திரும்ப எரியவில்லை, மற்றொன்று 2022இல் நின்றது. இப்போது ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் வாயுவை அதிகம் நம்பியிருக்கிறோம். அரசு மாதந்தோறும் உச்ச விலையை அறிவித்தாலும், அந்த விலை உலகச் சந்தையையும் ராண்டின் மதிப்பையும் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது.


செப்புக்குழாய் எழுதியது:

மின்வழியை நானும் மறுக்கவில்லை. ஆனால் ட்ரேட் டெஸ்ட் தேதி கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அவரால் ஒரு முழு ஆண்டு காத்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஒரு கிலோ எல்.பி. வாயுவில் சுமார் 13.6 யூனிட் வெப்பம் இருக்கிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை 20 டிகிரி உயர்த்தி, நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் பத்து நிமிடம் குளித்தால், கீசரின் இழப்பையும் சேர்த்து 160 கிராம் அளவில் வாயு செலவாகும். ஆக, ஒரு 48 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 300 குளியலுக்கு வரும். இதை வாடிக்கையாளரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த மாத விலையை வைத்து எழுதிக் காட்டுவேன். ஆள் இல்லாத நேரத்திலும் தொட்டியைச் சூடாக வைத்திருக்கும் மின்கீசரோடு ஒப்பிட்டு அவரே முடிவு செய்வார். எப்போதும் எரிவாயுவே வெல்லும் என்று நான் சொல்வதில்லை. தனியாக வசிக்கும் முதியவருக்கு அது வெல்லும், வளர்ந்த பிள்ளைகள் நான்கு பேர் அரை மணி நேரம் ஷவரில் நிற்கும் வீட்டில் வெல்வது சந்தேகம்.


அன்னதானக்_குழு எழுதியது:

நான் தொழில் தெரிந்தவள் அல்ல. தொழில் தெரிந்தவர்களைத் தேடி அலைபவள். எங்கள் வட்டாரக் கோயிலின் சமையலறைப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசிச் சனிக்கிழமைகள் என்று ஆண்டில் பாதி நாட்களுக்குப் பெரிய பெரிய அண்டாக்கள் அடுப்பில் ஏறும்.

புதிதாகப் பொருத்திக் கொடுக்க மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். பொருத்திய பிறகு, சுடர் மஞ்சளாக எரிகிறது, அண்டாவின் அடி கரி பிடிக்கிறது என்று கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. சுடர் நீலமாக இல்லையென்றால் காற்றுக் கலப்பு சரியில்லை, மூடிய அறையில் அது ஆளையே கொல்லும் நச்சுவாயுவை உண்டாக்கும் என்பதை ஒரு நல்ல மனிதர் வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே அதன் தீவிரம் தெரிந்தது. அவர் செய்ததெல்லாம் பர்னரைக் கழற்றி, துளைகளில் அடைத்திருந்த கஞ்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுத்தம் செய்து, காற்றுத் திறப்பைச் சரிசெய்து, வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாயை மாற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்ததுதான். இப்போது ஒவ்வோர் ஆண்டும் காவடிக்கு முன்பும் புரட்டாசிக்கு முன்பும் அவரையே அழைக்கிறோம். அவர் கேட்கும் தொகையில் பேரம் பேசுவதில்லை.

அவருடைய எண்ணை நான் எத்தனை கல்யாண மண்டபக்காரர்களுக்கும் கேட்டரிங் செய்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. ஆகவே தம்பி, வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூப்பிட்டால் வருகிறவர் என்ற பெயர் எடுத்தால் நம் சனங்களின் சமையலறைகளே போதும் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று: எங்களுடைய அழைப்பு எப்போதும் திருவிழாவுக்கு முந்தின நாள் இரவுதான் வரும்.


லெனேசியா_மேற்கு எழுதியது:

ஜோகன்னஸ்பர்க் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஜூன், ஜூலையில் உறைபனி விழுகிறது. வீட்டுக்குள் எரிவாயு ஹீட்டரும் எரிவாயுக் கணப்பும் சாதாரணம். வெப்பமூட்டும் வேலை என்று தனியாக ஒன்று இருப்பதானால் நம் நாட்டில் அது இந்த மேட்டுநிலத்தில்தான் இருக்கிறது. அதிலும் அது மூன்று, நான்கு மாத வேலை. மே மாதம் தொலைபேசி ஓயாது, செப்டம்பரில் ஒலிக்காது.

நகரின் பழைய பகுதிகள் சிலவற்றில் எகோலி கேஸ் நிறுவனத்தின் குழாய்வழி இயற்கை வாயு வீட்டுக்கே வருகிறது. பயிற்சிக்கூடங்கள் சில, இயற்கை வாயுத் தகுதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டணத்தை ஏற்றப் பார்க்கும். டர்பன்காரருக்கு அதில் இப்போதைக்கு லாபமில்லை. நாட்டுக்கு வரும் குழாய்வழி இயற்கை வாயு 2004 முதல் மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து செகுண்டா நகருக்கு வருகிறது. அந்த வயல்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மாற்றாகக் கப்பலில் திரவமாக்கிய வாயுவைக் கொண்டுவரும் திட்டங்கள் பேச்சிலேயே காலம் தள்ளுகின்றன. டர்பனுக்குச் செகுண்டாவிலிருந்து குழாயில் வரும் வாயுவும் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது, வீடுகளுக்கு அல்ல. சிலிண்டர் வாயுத் தகுதியை மட்டும் எடுத்தால் போதும்.


ஈஸ்ட்_ஹாம்_டர்பன் எழுதியது:

கேள்வி கேட்டவரின் மைத்துனர் நான் அல்லன். ஆனால் அவர் குடியிருக்கும் பகுதியில்தான் நானும் இருக்கிறேன், டர்பனிலிருந்து வந்தவன்தான், இங்கே பாய்லர் வேலைதான் செய்கிறேன்.

பிரிட்டனில் எரிவாயு வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடிகிறது என்பது உண்மை. இங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லர் இருக்கிறது. அதோடு, வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை எரிவாயுச் சோதனை செய்து பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இணைப்பை மாற்றாவிட்டாலும், வீட்டை விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் ஒருவர் வந்தே ஆக வேண்டும். அந்த ஒரு விதிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் மைத்துனர் சொல்லாமல் விட்டவை சில உண்டு. 2009 ஏப்ரல் முதல் இங்கே கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பிழைப்புக்காக எரிவாயுவைத் தொடக் கூடாது, தொட்டால் குற்றம். தென்னாப்பிரிக்க அட்டையைக் காட்டி அதில் சேர முடியாது. புதியவர் பயிற்சி எடுத்து, பதிவுபெற்ற ஒருவரோடு வீடு வீடாகப் போய், செய்த வேலைகளுக்கு ஆதாரத் தொகுப்பு தயாரித்து, ஏ.சி.எஸ். என்ற மதிப்பீட்டில் தேற வேண்டும்; ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்பவும் எழுத வேண்டும். வகுப்புக்குப் பணம் கட்டுவது எளிது. கூடவே அழைத்துப் போக ஒரு பொறியாளர் கிடைப்பதுதான் அரிது. தன் நேரத்தைச் செலவழித்து நாளைய போட்டியாளரை உருவாக்க யாருக்கு மனம் வரும்? கட்டணத்தைக் கட்டிவிட்டு அந்த இடத்தில் மாதக்கணக்கில் தேங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றும் திசை மாறுகிறது. ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் முதல் புதிதாக அனுமதி பெறும் வீடுகளில் எரிவாயு பாய்லர் வைக்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பவருக்கு அரசு 7,500 பவுண்டு கொடுக்கிறது. இருக்கிற பாய்லர்கள் நாளைக்கே மறைந்துவிடப்போவதில்லை. என் காலம் இதிலேயே ஓடிவிடும். ஆனால் 42 வயதில், விசா, வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிக்கொண்டு இதற்காக வரச் சொல்லி நான் யாருக்கும் அறிவுரை கூற மாட்டேன். வேறு காரணத்துக்காக நீங்கள் எப்படியும் இங்கே வரப்போகிறீர்கள் என்றால், அது தனிப் பேச்சு.


மெரிபேங்க்_தெற்கு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. லண்டன் யோசனையை ஒதுக்கிவிட்டேன். மைத்துனரிடம் மனைவி பேசிக்கொள்வார். மூன்று_ஃபேஸ் அண்ணா சொன்ன ஏ.ஆர்.பி.எல். வழி எனக்குத் தெரியாமலே இருந்தது. பணிச் சான்று தருவதாக முதலாளி இன்றே சொல்லிவிட்டார், ஆகவே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் எரிவாயுவைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வேலை இல்லாத நாட்களில் அனுபவமுள்ள ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கட்டணம் கட்டுவது சரியாக இருக்குமா? அல்லது வகுப்பை முடிக்காமல் யாரும் அழைத்துப் போக மாட்டார்களா? பயிற்சிக்கூடத்திடம் என்னென்ன கேட்க வேண்டும், கருவிகளுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


மூன்று_ஃபேஸ் எழுதியது:

நல்ல முடிவு. பணிச் சான்றில் வெறுமனே உதவியாளர் என்று எழுதவிட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த வேலைகளைச் செய்தீர்கள் என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். பொருத்திய இடங்களின் படங்கள் தொலைபேசியில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.


செப்புக்குழாய் எழுதியது:

முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுவதுதான் சரி. பார்வையாளராக வருவதற்கு அட்டை தேவையில்லை. குழாயைப் பிடிக்கலாம், சுவரில் துளை போடலாம், எரிவாயு இணைப்பில் மட்டும் நான் இல்லாமல் கைவைக்கக் கூடாது.

பயிற்சிக்கூடத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் சான்றிதழை எஸ்.ஏ.கியூ.சி.சி. கேஸ் பதிவுக்கு ஏற்றுக்கொள்கிறதா, ஏற்றால் எந்த வகைக்கு என்பது ஒன்று. பழைய தகுதிகளில் பலவற்றுக்கு 2024 ஜூன் 30ஓடு சேர்க்கை முடிந்துவிட்டது, நீங்கள் நடத்துவது தொழில் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான கியூ.சி.டி.ஓ.வின் புதிய முறையில் உள்ளதா என்பது மற்றொன்று. மழுப்பலாகப் பதில் சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். வகுப்பு முடிந்த பிறகு செய்முறை வேலைக்கு யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவைப்பது நல்லது. பெரும்பாலும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பார்கள்.

கருவிகளில் பாதி உங்களிடம் இருக்கும். குழாய் வெட்டும் கருவி, வளைக்கும் கருவி, டிரில் இவற்றைப் புதிதாக வாங்க வேண்டாம். அழுத்தமானியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வாயு கசிவைக் காட்டும் கையடக்கக் கருவியையும் நல்லதாக வாங்குங்கள். முதல் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வருகிற வியாழக்கிழமை ஓவர்போர்ட்டில் ஒரு டேக்அவே சமையலறையில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, அவர்கள் மதிய வியாபாரத்துக்குக் கடை திறப்பதற்குள் அழுத்தச் சோதனையை முடித்தாக வேண்டும். வர முடியுமானால் தனிச் செய்தியில் எழுதுங்கள், முகவரி தருகிறேன். மூடிய பாதுகாப்புக் காலணி அவசியம்.